ரெண்டாயிரத்துச் சோணைமுத்து

சமயநல்லூர்ச் சோணைமுத்துவிடம் எத்தனை மைக்செட் இருக்கிறது என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது. கடன் கொடுத்தவர் கேட்டால் ஒன்று. திருவிழாக் கமிட்டி கேட்டால் மூன்று. பெண் வீட்டார் கேட்டால் நான்கு. உள்ளபடி இருந்தது ஒன்றரை. ஓர் ஆம்ப்ளிபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் முழுக்க அவனுடையவை. இன்னொரு ஆம்ப்ளிபயரைப் பாதிப் பணம் கொடுத்து எடுத்து வந்திருந்தான். மீதிப் பாதி மதுரைக் கடைக்காரருக்குச் சொந்தமாக இருந்தது. ஆடியிலும் மார்கழியிலும் பங்குனியிலும் கையில் காசு புரளும். மற்ற மாதங்களில் யார் வீட்டுப் பெண்ணாவது வயதுக்கு வரவேண்டும், இல்லை யார் வீட்டுப் பிள்ளைக்காவது காது குத்தவேண்டும்.

மற்ற மைக்செட்காரர்கள் குழாயைக் கட்டி முடித்ததும் ஒன், டூ, த்ரீ சொல்லிப் பார்ப்பார்கள். சோணைமுத்துவுக்கு அது போதாது. "தலைசிறந்த ஒலி ஒளி அமைப்பு, சோணைமுத்து சவுண்ட் சர்வீஸ், சமயநல்லூர். இன்று ஒரே நாளில் ஏழு ஊர்களில் நமது செட் பாடிக்கொண்டிருக்கிறது" என்று ஆரம்பித்தானானால் பூசாரி வந்து மைக்கைப் பிடுங்கும்வரை நிறுத்தமாட்டான். அம்மன் பெருமையைச் சொல்லவேண்டிய நேரத்தில் பாதியைத் தன் பெருமைக்கு எடுத்துக்கொள்கிறான் என்று பல ஊர்களில் புகார் இருந்தது. அம்மன் மட்டும் ஒன்றும் சொன்னதில்லை.

எழுபத்தெட்டாம் வருசம் பங்குனிப் பொங்கலுக்கு வில்லாபுரத்தில் ஒரு தெருக் கோயிலுக்குச் செட் கட்டப் போனான். வேப்பமரத்தில் குழாயைக் கட்டி இறங்கி, மைக்கில் ஏழு ஊர்வரை சொல்லி முடிப்பதற்குள், எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி கையில் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"அந்தக் கொழாயத் திருப்பு."

"இது அம்மன் காரியம், தாயி."

"அம்மன் அந்தப் பக்கம் இருக்கு. கொழா என் சன்னலப் பாத்துல்ல இருக்கு. நான் சாக்கெட்டு தைக்கிறதா, உன் பெருமையக் கேக்குறதா?"

சோணைமுத்து மறுபடியும் மரம் ஏறித் திருப்பினான். அவன் பேச்சைக் கேட்டு எரிச்சல்பட்டவர்கள் உண்டு. நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. திருப்பச் சொன்னவள் இவள் ஒருத்திதான். அன்று முழுக்க அவன் கண் அந்தச் சன்னலிலேயே கிடந்தது.

அவள் பெயர் செல்லத்தாய். பேரையூர்ப் பக்கம் பிறந்தவள். பஸ் கண்டக்டர் காளைக்குக் கட்டிக்கொடுத்து, ஒரு பெண்பிள்ளையும் பிறந்தபின், காளைக்குத் திருமங்கலத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த இருளாயியின் குழம்பு பிடித்துப்போனது. குழம்பில் ஆரம்பித்தது குடித்தனத்தில் முடிந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்கப்படி கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். செல்லத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வில்லாபுரத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வாடகைத் தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்தாள். கூடவே கோர்ட்டில் ஜீவனாம்சமும் போட்டாள். அவளுக்கு மாசம் ஐம்பது, பிள்ளைக்கு நாற்பது என்று தீர்ப்பு வந்தது. காளை அதை மணியார்டரில் அனுப்புவான்.

அடுத்த ஆவணியில் சோணைமுத்து செல்லத்தாயைக் கட்டிக்கொண்டான். அவள் அண்ணனிடம் நான்கு செட் கணக்குத்தான் சொல்லியிருந்தான். கட்டிய மறுநாளே செல்லத்தாய் அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மத்த மூணும் வெளியூரு போயிருக்கா?" என்று கேட்டாள். அவன் ஆமாம் என்றான். "வரும்போது வரட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். அதற்குமேல் அதைப்பற்றி அவள் பேசவேயில்லை என்பதுதான் அவனை ரொம்ப நாள் உறுத்தியது.

பிள்ளை ஒச்சம்மாளுக்கு அப்போது ஏழு வயசு. சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு "மைக்கு" என்று கூப்பிட்டாள். சோணைமுத்துவுக்கு அது பட்டம் கொடுத்தமாதிரி இருந்தது.

செல்லத்தாய் செய்த முதல் காரியம், வடக்கு மாசி வீதி வக்கீல் ஹாலாஸ்யத்திடம் போய்த் தனக்கு வருகிற ஐம்பதை நிறுத்தச் சொன்னது. "நான் வேற கலியாணம் முடிச்சிட்டேன். இனிமே என் பங்கு வேண்டாம். பிள்ளை பங்கு அப்படியே வரணும்" என்றாள். ஹாலாஸ்யம் முப்பது வருசமாக வக்கீல் தொழில் செய்கிறவர். தானாக வந்து பணத்தை நிறுத்தச் சொன்ன கட்சிக்காரரை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

காளைக்கு ஐம்பது மிச்சமானது போதவில்லை. நாற்பதும் கண்ணை உறுத்தியது. செல்லத்தாய் கட்டியிருப்பது ஏழு ஊரில் செட் பாடுகிற பெரிய முதலாளி, அவனே பிள்ளைக்குச் சோறு போடட்டும், தன்னை விட்டுவிடவேண்டும் என்று பிச்சுமணி என்ற வக்கீலை வைத்து மனுப் போட்டான். ஏழு ஊர் என்பதற்கு ஆதாரம் தேடி அவன் அலையவில்லை. அவன் பஸ் போகிற ஊர்களில் எல்லாம் சோணைமுத்துவே குழாய் வைத்துச் சொல்லியிருந்தான். போதாததற்குச் சோணைமுத்துவையே தங்கள் தரப்புச் சாட்சியாகப் போட்டுச் சம்மனும் அனுப்பினார்கள். பெண்டாட்டியின் பழைய புருசனுக்குச் சாட்சி சொல்லப்போன புதுப் புருசன் அந்த ஜில்லாவிலேயே அவன் ஒருவனாகத்தான் இருந்திருப்பான்.

சம்மனை வாங்கிய அன்று சோணைமுத்து தைரியமாகத்தான் இருந்தான்.

"அவன் காசு நமக்கு எதுக்கு? தூக்கி எறி. ஒரு பிள்ளைக்கு நான் சோறு போடமாட்டேனா?"

செல்லத்தாய் மெஷினை நிறுத்தினாள். "போடு. யாரு வேண்டாம்னா? நீ போடுறது உன் ஆசை. அவன் போடுறது அவன் கடமை. ரெண்டையும் ஏன் போட்டுக் கொழப்புற?"

"ஊருல என்ன பேசுவாக?"

"ஏய்யா, நாளைக்கு உனக்கும் எனக்கும் ஆகாமப் போச்சுன்னா, நீ உன் ஆசையச் சுருட்டிக்கிட்டுப் போயிருவ. அவ வயிறு அப்பயும் பசிக்கும். அதுக்கு எழுதி வாங்குனதுதான் அந்த நாப்பது."

சோணைமுத்துவுக்குச் சுருக்கென்றது. நான் அப்படிப் போகிற ஆளா என்று கேட்க வாயெடுத்தான். நான்கு செட் இருப்பதாகச் சொன்ன ஆள் அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்றும் தோன்றியது. துணியை எடுத்துக்கொண்டு போய், துடைக்கத் தேவையில்லாத குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வழக்குக்கு முந்தின நாள் ஹாலாஸ்யம் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இதோ பாரும். சட்டப்படி உம்ம வருமானம் இந்தக் கேஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனா எதிர்த்தாப்புல நிக்கறவன் பிச்சுமணி. இல்லாததைப் பொருட்டாக்கிடுவான். மாஜிஸ்திரேட்டும் புதுசு. நீர் ஒண்ணும் ஜோடிக்க வேண்டாம், உள்ளதைச் சொல்லும். மாசம் என்ன வரும்?"

சோணைமுத்து கதவுப்பக்கம் பார்த்தான். செல்லத்தாய் வெளியே நின்றிருந்தாள். குரலைத் தாழ்த்தி, "நல்ல மாசத்துல முந்நூறு. மத்த மாசத்துல அவ தைக்கிறதுல ஓடுது சாமி" என்றான். இம்புட்டுச் சின்னக் குரலில் அவன் வாழ்நாளில் பேசியதில்லை.

"பேஷ். இதே குரல்ல இதையே நாளைக்குச் சொல்லும்."

மறுநாள் கோர்ட்டில் நல்ல கூட்டம். காளை தரப்பில் பேரையூரிலிருந்து ஒரு கூட்டம், செல்லத்தாய் தரப்பில் அண்ணனும் சொந்தங்களும், நடுவில் வேறு வேறு வழக்குகளுக்கு வந்து நேரம் போகாமல் உட்கார்ந்திருந்தவர்கள்.

முதலில் காளை கூண்டில் ஏறினான். இரண்டாவது குடும்பம் இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது, சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்கும் போதவில்லை என்று உருக்கமாகச் சொன்னான். ஹாலாஸ்யம் எழுந்து மெல்லக் கேட்டார்.

"புதுச் சம்சாரம் இருளாயி சாப்பாட்டுக் கடை நடத்தறாளோ?"

"ஆமாங்க."

"நன்னா ஓடறதோ?"

"அது அவ காசுங்க. அத எப்படி இதுல சேப்பீக? அவ கடைக்கும் என் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லை. ரொம்பச் சரி" என்று ஹாலாஸ்யம் உட்கார்ந்துவிட்டார். பிச்சுமணி மட்டும் தன் கட்சிக்காரனை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்து சோணைமுத்து ஏறினான். எண்ணெய் வைத்து வாரி, ஹாலாஸ்யம் சொன்னபடி பழைய சட்டை போட்டிருந்தான். குரலையும் சின்னதாகத் தயார் பண்ணி வைத்திருந்தான். பிச்சுமணி அவனைச் சீண்டுவார், அவமானப்படுத்துவார், தாங்கிக்கொள்ளவேண்டும் என்று ராத்திரி முழுக்க மனசைத் திடப்படுத்தியிருந்தான். பிச்சுமணி அதெல்லாம் செய்யவில்லை. கும்பிட்டார்.

"சோணைமுத்து சவுண்ட் சர்வீஸ் நீங்கதானே? எங்க தெருவுக்குக்கூட உங்க செட்டுதான் கட்டினாங்க. என்ன தெளிவு, என்ன தெளிவு."

சோணைமுத்து நிமிர்ந்தான்.

"ஒரே நாள்ல ஏழு ஊர்ல பாடுமாமே?"

"சீசன்ல ஒம்பது ஊரு வரைக்கும் போகும்" என்றது வாய். அவன் தடுக்கத்தான் பார்த்தான்.

"இந்த ஜில்லாவுலே உங்களை மிஞ்சி ஆள் இல்லைன்னு பேசிக்கிறாங்க."

"எல்லாம் தொழில் சுத்தம்தானுங்க."

"அப்போ மாசம் ஒரு ஆயிரமாவது வருமே?"

சோணைமுத்து கூட்டத்தைப் பார்த்தான். மைத்துனன் பார்த்துக்கொண்டிருந்தான். காளை பார்த்துக்கொண்டிருந்தான். கமிட்டிக்காரர் ஒருவர்கூட எதற்கோ வந்து உட்கார்ந்திருந்தார். ஹாலாஸ்யம் கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றார். எதிரில் மைக் இல்லாததுதான் குறை.

"ஆயிரமா?" என்று சிரித்தான். "ரெண்டாயிரத்துக்குக் கொறஞ்சு நமக்கு மாசமே முடியாதுங்க."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். அவருக்கே அவ்வளவு சம்பளம் கிடையாது. "எதுக்கும் இன்னொருதரம் சொல்லுங்க" என்றார். சோணைமுத்து கோர்ட் கட்டடத்துக்கு வெளியே டீக்கடைவரை கேட்கும்படி மறுபடி சொன்னான்.

பிச்சுமணிக்கு முகமெல்லாம் பல். "அந்தக் குழந்தை உங்களை என்னன்னு கூப்பிடும்?" என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். அப்பா என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது என்பது அவர் கணக்கு.

"மைக்குன்னு கூப்பிடும்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டிவிட்டுத் தானும் குனிந்துகொண்டார்.

ஹாலாஸ்யம் எழுந்தார். அவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. ஒரு நிமிசம் அப்படியே நின்று மூச்சு விட்டுவிட்டு, "இந்தக் குழந்தையைப் பெத்தது நீரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"யாரு?"

"அந்தா, காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறாருல்ல, அவருதான்."

"அவ்வளவுதான். இறங்கும்."

ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பு. அதுவரை செல்லத்தாய் அவனோடு பேசவில்லை. ஒச்சம்மாள் வழியாகத்தான் சேதி வந்தது. "மைக்கு, ஆத்தா சாப்பிடச் சொல்லுச்சு." "மைக்கு, ஆத்தா வாய மட்டும் கொண்டுவர வேண்டாம்னு சொல்லுச்சு." நாற்பது ரூபாயைத் தன் வாய் தின்றுவிட்டது என்று நினைத்து, அந்த ஒரு வாரமும் சோணைமுத்து ரெக்கார்டு போடாமல் செட்டை வெறுமனே நோண்டிக்கொண்டிருந்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது அதன் பையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தீர்ப்பில் மாஜிஸ்திரேட் சொன்னது சுருக்கம். பெற்றவன் வேலையில் இருக்கிறான், சம்பளம் வாங்குகிறான். தாய் மறுபடி யாரைக் கட்டினாள், அவனுக்கு ரெண்டாயிரம் வருகிறதா இருபதாயிரம் வருகிறதா என்பது குழந்தைக்குப் பெற்றவன் கொடுக்கவேண்டியதைக் குறைக்காது. மனுதாரரே தன் மனைவியின் கடை வருமானத்துக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லை என்று சரியாகச் சொல்லியிருக்கிறார். அந்த நியாயம் இந்தப் பக்கமும் பொருந்தும். மனு தள்ளுபடி. அவர் சம்பளம் கூடியிருப்பதால் உயர்த்திக் கேட்டு ஹாலாஸ்யம் போட்டிருந்த மனுவை ஏற்று, நாற்பது அறுபதாகிறது.

வெளியே வந்ததும் சோணைமுத்து வக்கீலைப் பிடித்தான். "அப்ப நான் ரெண்டாயிரம்னு சொன்னது ஒண்ணும் கெடுக்கலையா, சாமி?"

"கெடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. நீர் சொன்னது காத்தோட போச்சு."

அது காற்றோடுதான் போனது. ஆனால் சமயநல்லூர்ப் பக்கமாகப் போனது.

மூன்றாம் நாள் மதுரைக் கடைக்காரர் அரை ஆம்ப்ளிபயருக்குப் பாக்கியைக் கேட்டு நேரிலேயே வந்துவிட்டார். அவனுடைய அக்காள் ராமக்காள் தன் மகள் கல்யாணத்துக்கு மூணு பவுன் எதிர்பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினாள். ஊர்க் கமிட்டி அவன் பெயரைப் பெரிய உபயதாரர் வரிசையில் எழுதிவிட்டு, ஐந்நூறு ரூபாய் வாங்க வாசலில் நின்றது. சோணைமுத்து கொல்லைப்புறமாகப் போய்விட்டான். செல்லத்தாய்தான் முன்னால் வந்தாள்.

"அவரு சொன்னது பொய்யி."

"என்ன தங்கச்சி, கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொன்னதுல்ல" என்றார் கமிட்டித் தலைவர் நல்லகாமன்.

"சாமி மேலதான சத்தியம் பண்ணுனாரு? சாமி வந்து கேக்கட்டும். நீங்க போங்கண்ணே."

கொல்லையில் வாழைமரத்துக்குப் பின்னால் நின்று சோணைமுத்து இதைக் கேட்டான். தன் பெண்டாட்டி தன்னைப் பொய்யன் என்று தெருக் கேட்கச் சொல்கிறாள். வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட, இத்தனை வருசம் சுமந்த ஏதோ ஒன்றை யாரோ இறக்கிவைத்தமாதிரியும் இருந்தது. உள்ளே போய், மற்ற மூன்று செட்டும் வெளியூர் போகவில்லை என்று அவளிடம் சொன்னான்.

"தெரியும். அந்தப் பொத்தானை எடு" என்றாள்.

அதிலிருந்து தொழிலுக்கு விலை பேசுவது அவள் பொறுப்பாயிற்று. பேச்சு அவளுடையது, சத்தம் அவனுடையது என்று பிரித்துக்கொண்டார்கள். இரண்டே வருசத்தில் அரை ஆம்ப்ளிபயர் முழுசாயிற்று. எண்பத்து மூன்றில் உண்மையிலேயே மூன்று செட் இருந்தது. அதைச் சோணைமுத்து வெளியே சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

எண்பத்து நாலில் ஒச்சம்மாள் வயதுக்கு வந்தாள். சடங்கு விமரிசையாக வைத்தார்கள். காளையை அழைப்பதா வேண்டாமா என்று அண்ணன் தயங்கினான். "பணம் அனுப்புற ஆளு, வந்து ஒருவேளை சாப்பிட்டுப் போகட்டும்" என்றாள் செல்லத்தாய். காளை வந்தான், இருளாயியோடு. காளைக்கும் சோணைமுத்துவுக்கும் என்ன முறை என்று அந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் அண்ணே என்று வைத்துக்கொண்டார்கள்.

மொய் எழுதுகிறவருக்குப் பக்கத்தில் நின்று சோணைமுத்துதான் மைக்கில் வாசித்தான். செல்லத்தாய் முன்கூட்டியே சொல்லியிருந்தாள், எழுதியிருக்கிறதை மட்டும் வாசிக்கவேண்டும் என்று. வரிசையாக ஒழுங்காகத்தான் வாசித்து வந்தான். காளையின் முறை வந்தது. ஐம்பத்தொன்று கொடுத்திருந்தான். பெற்ற அப்பன் ஐம்பத்தொன்று. சோணைமுத்து அந்த எண்ணைப் பார்த்தான். மணவறையில் பாவாடை தாவணியில் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாளைப் பார்த்தான். அத்தனை சனத்துக்கு நடுவில் அந்த எண் அவள் காதில் விழப்போகிறது.

"மணமகளுக்கு... மன்னிக்கணும், சடங்குப் பெண்ணுக்கு, பெற்ற தகப்பனார் திரு. காளை அவர்கள், ரூபாய் ஐந்நூத்தி ஒன்று."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒச்சம்மாள் தலை நிமிர்ந்து அப்பனைத் தேடினாள். காளைக்குச் சிரிப்பதா, மறுப்பதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். நன்றாகத்தான் இருந்தது. பிறகு பக்கத்தில் இருளாயி கேட்டது மூன்று வரிசை தாண்டியும் கேட்டது.

"ஐநூறா? ஏது உனக்கு அம்புட்டுக் காசு? என் கடைக் கல்லாவுல கைய வச்சியா?"

பந்தியில் காளைக்கு இலையில் எது விழுந்தது என்றே தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சோணைமுத்துவிடம் வந்தான்.

"ஏண்ணே இப்படிச் செஞ்ச? ஊரு போயிச் சேர்றவரைக்கும் அவ விடமாட்டா."

"அது உன் வீட்டுக் காசு வெவகாரம், அண்ணே. அதுக்கும் நமக்கும் சம்பந்தமில்லைன்னு கோர்ட்டே சொல்லிருச்சு" என்றான் சோணைமுத்து.

செல்லத்தாய் அன்று ராத்திரி தானே இலை போட்டு அவனுக்குப் பரிமாறினாள். காளை பிள்ளைக்குப் பதினெட்டு வயசு முடியும்வரை பணத்தை நிறுத்தவில்லை. முணுமுணுத்துக்கொண்டாவது அனுப்பிவிடுவான். ஒச்சம்மாள் பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, மதுரையில் ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளம் என்ன என்று ஊர் கேட்டபோது சோணைமுத்து வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டு, "நானூத்தி இருவது" என்றாள்.